தெருவோரமும் தமிழ் நிலமே!

தமிழ்ச் சொல்லைக் காக்கப் புறப்பட்டோர் பலர். அச்சொல் சுட்டும் பொருளைக் காக்க எழுந்தோரோ மிகச் சிலர். வெட்சி என்னும் சொல்லைத் தேர்வுத்தாளிற் பிழையின்றி எழுதும் மாணவன், தன் தெருவில் அது பூத்து நிற்கக் கண்டால் ‘இட்டலிப்பூ’ என்கின்றான். நொச்சி சூடி மதில் காத்த மறவரைப் பற்றி மேடையில் முழங்கும் புலவர், அம்மேடைக்குப் பின்னே நிற்கும் நொச்சியை ஏதோ ஒரு புதர் என்று கடந்து போகின்றார். பொருள் அழிந்த இடத்தில் சொல் நெடுநாள் உயிர் வாழுமா? அகரமுதலியில் அடக்கம் செய்யப்பட்டு, உரையாசிரியர் கைப்பிடித்து அழைத்து வந்தாலன்றி வெளியே வரவியலாத பிணமாகத்தானே அது கிடக்கும்?

உலகில் எந்த இனம் தன் நிலத்தைப் பூவின் பெயரால் பகுத்தது? மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல், வறண்ட வெளிக்குப் பாலை எனப் பெயரிட்டவன் தமிழன். போரின் ஒவ்வொரு நிலைக்கும் வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை, நொச்சி, தும்பை, வாகை எனப் பூவைச் சூட்டியவனும் அவனே. சேரன் பனம்பூவையும், சோழன் ஆத்தியையும், பாண்டியன் வேம்பையும் தத்தம் குடிக்கு அடையாளமாகக் கொண்டனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கினார். புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. நெல்லின் இளமை நாற்று, மாவின் இளமை கன்று, தென்னையின் இளமை பிள்ளை, பனையின் இளமை வடலி என்று மக்கள் வழங்கும் சொற்களை எடுத்துக்காட்டித் தமிழின் வளத்தை மெய்ப்பித்தார் பாவாணர். இத்துணை நுண்மையாய்ச் செடிகொடிகளைக் கண்ட இனத்தின் தெருக்களில் இன்று நிற்பவை யாவை? குரோட்டன்சும், கோனோகார்பசும், அன்றாடம் நீர் கேட்கும் அயற்புல்லும் அல்லவா!

புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடியை எடுத்துக்கொள்க. செம்மண்ணும் செம்புறைக் கல்லும் விரவிய நிலப்பகுதி அது. ஆண்டு முழுமைக்கும் பெய்யும் மழை ஒரு மீட்டர் உயரத்தை எட்டாது. அதிலும் அடைமழை துலை (ஐப்பசி), நளி (கார்த்திகை) ஆகிய திங்கள்களில் கொட்டும். அதன்பின் நெடுங்கோடை. இந்நிலத்திற்கேற்ற மரஞ்செடிகள் எவை என்பதைப் பல நூறாண்டுகட்கு முன்னரே இயற்கை தேர்ந்து வைத்துள்ளது. அவை பசுமை மாறாமலே வறட்சியைத் தாங்கும். தடித்த சிற்றிலை உடையவை. வேரை ஆழ இறக்குபவை. வீரை, காயா, உலக்கைப்பாலை, குருந்து, களா, காரை என அவற்றின் பட்டியல் நீளும். ஐயனார் கோயில்களைச் சூழ்ந்துள்ள காடுகளில் அவற்றின் எச்சம் இன்றும் உண்டு.

இம்மாவட்டத்து ஊர்ப்பெயர்களைக் கேட்டாலே மரங்களின் பெயர் ஒலிக்கும். ஆலங்குடியில் ஆல் உண்டு. இலுப்பூரில் இலுப்பை உண்டு. மாங்காட்டில் மா உண்டு. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், வானளாவிய குதிரைச் சிலையுடன் விளங்கும் ஐயனாரின் பெயரே பெருங்காரையடி மீண்ட ஐயனார் என்பது. காவல் தெய்வத்தின் பெயரிலேயே காரை இருக்கின்றது. அம்மாவட்டத்து இளைஞர் நூற்றுவரை நிறுத்திக் காரை எதுவென்று கேட்டால் எத்துணைப் பேர் கைகாட்டுவர்? கற்காரையைக் கேட்டாலோ அனைவரும் கைகாட்டுவர். காரை நின்ற மண்ணைக் கற்காரை மூடிற்று. மூடாத எஞ்சிய மண்ணை அயல்மரம் கவர்ந்தது.

அயல்மரத்தின் வரலாறும் அடிமை வரலாறே. ஆங்கிலர் ஆட்சியின்போது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விறகுக்கென்று அமெரிக்கப் பகுதிகளிலிருந்து கொணரப்பட்டது சீமைக்கருவை. அயலது என்று அடையாளம் காட்டச் ‘சீமை’ என்னும் அடைமொழியைச் சேர்த்து வைத்த ஊரார் அறிவு, அதனை விதைத்த ஆட்சியாளர்க்கு இல்லாமற் போயிற்று. இன்று கண்மாயிலும் வாய்க்காலிலும் அதுவே குடியேறி நிற்கின்றது. ஆத்திரேலியாவிலிருந்து வந்த தைலமரம் இரண்டாவது. 1974ஆம் ஆண்டு புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டில்தான் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் தோன்றியது. பின்னர்த் தாள்கூழுக்கென இம்மாவட்டத்தில் பரந்த நிலம் தைலமரத்தோட்டம் ஆயிற்று. நிலத்தடி நீரை அது குடிக்கின்றது என்று உழவர் முறையிடும் குரல் இன்றுவரை ஓயவில்லை.

மூன்றாவதாக வந்தது, நகரழகு என்னும் பெயரில் நாடெங்கும் நடப்பட்ட கோனோகார்பசு. விரைந்து வளரும், பச்சைச் சுவர்போல் நிற்கும் என்று கூறி நட்டனர். அதன் வேர் கழிவுநீர்க் குழாய்களையும் நிலத்தடிக் கம்பி வடங்களையும் கெடுப்பது பின்னரே தெரிந்தது. 2023இல் குசராத்து அரசு அதற்குத் தடை விதித்தது. 2025இல் தமிழ்நாட்டு அரசும் தடை விதித்தது. அதற்கு முன்னரே, 2022இல், அயற்படர் செடிகளை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென ஒரு கொள்கையையும் தமிழ்நாட்டு அரசு வகுத்தது. நட்டபின் தடுப்பதும், பரவியபின் வெட்டுவதும், வெட்டியபின் மீண்டும் வேறோர் அயற்செடியைத் தேடுவதுமாகவே காலம் கழிகின்றது. தன் மண்ணில் முளைத்ததை நட்டிருந்தால் இத்துணைப் பொருளும் உழைப்பும் பாழாகியிருக்குமா?

2018ஆம் ஆண்டு (திருவள்ளுவராண்டு 2049) நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கசாப் புயல், தஞ்சை புதுக்கோட்டைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளை வீழ்த்தியது. சாலையோரத்து மரங்களையும் அது விட்டு வைக்கவில்லை. அப்பெரும்புயலிலும் பனைகள் பெரும்பாலும் நிமிர்ந்தே நின்றன. அதன்பின் 2020இல் காவிரிப் படுகையை வேளாண் காப்புப் பகுதியாக்கச் சட்டம் இயற்றியபோது, புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து சேர்க்கப்பட்ட ஒன்றியங்களுள் கறம்பக்குடியும் ஒன்று. வயலைக் காக்கச் சட்டம் வந்தது. வயலுக்குச் செல்லும் தெருவின் ஓரத்தைக் காப்பவர் யார்? அவ்வோரம் எவர்க்கும் உரியதன்று என்று எண்ணிக் குப்பை கொட்டுகின்றனர். அஃது அனைவர்க்கும் உரியது என்று எண்ணினாலோ, ஊருக்கொரு குறுங்காடு ஒரே ஆண்டில் வேரூன்றத் தொடங்கும்.

நீரில்லை என்பார்க்கு ஓர் எளிய கணக்கு. நூறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உடைய தார்ச்சாலையின் மேல் 10 மி.மீ. மழை பெய்தால், விழும் நீர் 6,000 இலிட்டர். நீர் சுமக்கும் சரக்குந்து ஒன்றின் கொள்ளளவு அது. அந்நீரைச் சாக்கடையில் ஓடவிட்டு, அடுத்த திங்களில் அயற்புல்லுக்கு ஊற்ற ஆழ்துளைக் கிணற்றைத் தேடிச் சரக்குந்தை ஓட்டுவதற்கு அழகுபடுத்தல் என்று பெயர்! குடத்தோடு குழாயடியிற் காத்து நிற்கும் தாயின் கண்முன்னே இது நிகழ்வதைவிட இழிவு வேறு உண்டோ?

செய்ய வேண்டுவது அரிய வேலையன்று. முதற்கண் பேரூராட்சியிடமோ, நெடுஞ்சாலையாயின் அத்துறையிடமோ எழுத்து வழி இசைவு பெறுக. ஓரத்திற் கிடக்கும் இடிபாட்டையும் நெகிழியையும் அகற்றி, மண்ணைச் சாலை மட்டத்தினும் ஒரு சாண் தாழ்த்துக. சாலை விளிம்பில் கற்காரைக் கட்டு இருப்பின், துறையின் ஒப்புதலோடு இடையிடையே நீர் புக வாய் திறக்க. மழைநீர் தானே வந்து சேரும். செம்புறை நிலம் கடப்பாறைக்கும் எளிதில் இளகாது. ஆகவே கடகத்தில் (ஆடியில்) குழியெடுத்து ஆறவிடுக. செடிக்கு ஒரு முழமும் மரத்திற்கு இரு முழமும் ஆழம் போதும். கண்மாய் வண்டலும் மட்கிய சாணமும் மேல்மண்ணோடு கலந்து குழியை நிரப்புக. கன்னியின் (புரட்டாசியின்) இறுதியில் முதல் மழை கண்டு நடுக. அடைமழை முழுதும் வேருக்குக் கிடைத்துவிடும்.

எதனை எங்கு நடுவது? மின்கம்பி இல்லாத அகன்ற ஓரத்தில் புங்கம், இலுப்பை, மகிழ், வேம்பு. ஊர் எல்லையில் பனை. கம்பிக்கடியில் வளர்வன ஆவாரை, நொச்சி, களா, காயா, வெட்சி. ஊர்தி திரும்பும் முனையில் பார்வையை மறைக்காத தும்பையும் பூளையும். வேலியிருந்தால் முல்லையும் பிரண்டையும் ஏறட்டும். ஆடு மேயும் தெருவாயின் ஆடாதோடையை முன்வரிசையில் நிறுத்துக. ஆடு தொடா இலை என்று அதன் பெயரே காவல் உரைக்கின்றது. கன்றுகளை ஐயனார் காட்டிலிருந்து பிடுங்கி வருதல் கூடாது. அங்கு உதிர்ந்த பழத்தையும் நெற்றையும் பொறுக்கி வந்து முளைக்க வைத்தலே முறை. செங்காந்தளின் கிழங்கு நஞ்சாதலின் பள்ளி வாயிலில் அதனைத் தவிர்க்க.

நடுதல் ஒரு நாள் வேலை; பேணுதல் மூன்றாண்டுக் கடமை. செடியைச் சுற்றி நான்கு விரற் கனத்திற்குச் சருகு மூடாக்கு இடுக. சருகைக் கொளுத்துவோன் மண்ணின் உணவைக் கொளுத்துகின்றான் என்று உணர்த்துக. மரக்கன்று ஒவ்வொன்றன் அருகிலும் அடியில் துளையிட்டுத் திரி செருகிய பழம்பானை ஒன்றைப் புதைத்தால், ஊற்றும் நீர் வெயிலுக்குப் போகாமல் வேருக்குப் போகும். முதற்கோடையில் கிழமைக்கொரு முறை, இரண்டாங் கோடையில் வாடியபோது மட்டும் நீர் தருக. மூன்றாங் கோடையில் அவை தாமே நிற்கும். சீமைக்கருவை நாற்றையும் பார்த்தீனியத்தையும் மழை ஈரத்தில், பூக்கும் முன்னரே, கையுறை அணிந்து வேரோடு களைக. பூத்து ஓய்ந்தபின் செடிகளை அளவாகக் கவ்வாத்துச் செய்க.

இதற்கு மறுப்புரைப்போரும் உளர். “புதர் மண்டினால் பாம்பு வரும்” என்பர். குப்பைக்கு எலி வருகின்றது, எலிக்குப் பாம்பு வருகின்றது. குப்பையை அகற்றி அடிக்கிளை கழித்தால் அவ்வச்சம் குறையும். “நாட்டுமரம் மெல்ல வளரும்” என்பர். விரைந்து வளர்ந்தவை செய்த கேட்டைத்தான் மேலே கண்டோர் கண்டனரே! “மிளகாயும் நிலக்கடலையும் முந்திரியும் அயல்நாட்டினவாயிற்றே, அவற்றையும் பிடுங்குவீரோ?” என்று எள்ளி வினவுவோரும் உண்டு. உழவன் கைக்குள் அடங்கி ஊருக்குச் சோறிடும் விருந்தாளி வேறு. கண்மாயைக் கைப்பற்றி வீட்டுக்காரனை வெளியேற்றும் படையெடுப்பாளன் வேறு. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியாதோர் வேண்டுமென்றே அறியாதோர் ஆவர்.

இயலாத செயலன்று இது என்பதற்குச் சான்றும் உண்டு. சென்னை அடையாற்றுக் கழிமுகத்தில் கட்டட இடிபாடும் கழிவும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலம், உள்நாட்டு மரஞ்செடிகளால் மீட்கப்பட்டு 2011இல் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரோடு திறக்கப்பட்டது. அத்துணைப் பெரும்பொருள் இல்லையே என்பார், கீரமங்கலத்தை அடுத்த சேந்தன்குடியைப் பார்க்க. 2018இல் மறைந்த ‘மரம்’ தங்கசாமி, ஓர் எளிய உழவராயிருந்தே தம் நிலத்தைச் சோலையாக்கினார். மணவிழாக்களில் மரக்கன்று நடும் வழக்கத்தை ஊர்தோறும் பரப்பினார். கறம்பக்குடிக்கு அவர் அயலூரார் அல்லர், அண்டை ஊரார்.

தனித்தமிழ் பேசுவோர்க்கு இங்கே ஒரு தனிக்கடமை உண்டு. செடி நட்டபின் அதன் அருகில் பெயர்ப்பலகை நடுக. செடியின் தமிழ்ப்பெயர், அதன் திணை, பூக்கும் திங்கள் ஆகிய மூன்றையும் அதில் எழுதுக. மடகாசுகரிலிருந்து வந்த செம்பூ மரத்திற்கு மயிற்கொன்றை என்று தன் கொன்றையின் பெயரையே கடன்கொடுத்துவிட்டு, பொன்போற் சரந்தொங்கும் மெய்க்கொன்றையை மறந்தவன் தமிழன். அக்கொன்றையைத் தெருவில் நட்டால், அதன் இலை தின்னும் புழு வண்ணத்துப்பூச்சியாகும். அதனைத் துரத்தும் சிறுமி மரத்தின் பெயரைக் கேட்பாள். கேட்ட பெயர் அவள் நாவில் நிற்கும். பாடநூல் ஆண்டுக்கணக்கில் முயன்றும் செய்யாததைத் தெருவோரத்து மரம் ஒரே வேனிலிற் செய்துவிடும்.

முல்லைக்குத் தேரீந்தான் பாரி. இற்றைத் தமிழனிடம் முல்லை தேர் கேட்கவில்லை. தெருவோரத்தில் இரண்டு முழ மண்ணையே கேட்கின்றது. அதனையும் மறுப்பவன் பாரியின் பெயரை மேடையில் எடுக்க உரிமையற்றவன். வரும் கடகத்தில் கடப்பாறையை எடுப்போர், துலை மழையில் நடுவோர், மூன்று கோடை காப்போர் யாவரோ, அவரே தமிழையும் தமிழ் நிலத்தையும் ஒருங்கே காப்போர் ஆவர். கறம்பக்குடியின் ஒரு தெரு முதலில் எழுக! பிற ஊர்த் தெருக்கள் பின்தொடர்க!