சிவப்பு எழுத்தைக் கண்டு மிரள வேண்டாம்

சென்ற பருவத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து மழைப்பொழிவுத் தரவை ஆராய்ந்து ஒரு குழு அறிக்கை எழுதினோம். பைத்தான் மொழியில் நிரல் எழுதி, தோழி ஒருவரின் மடிக்கணினியில் வரைபடங்களை வரைந்தோம். எல்லாம் நன்றாகவே வந்தன. இரண்டு வாரங்கள் கழித்து, ஒப்படைப்புக்கு முதல் நாள் இரவு அதே நிரலை மீண்டும் இயக்கினோம். வரைபடம் வரவில்லை. திரை முழுவதும் சிவப்பு எழுத்துகள்.

நிரலில் ஓர் எழுத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லை. இடையில் வேறொரு பாடத்துக்காகத் தோழி ஒரு புதிய மென்பொருள் தொகுப்பை நிறுவியிருந்தார், அவ்வளவுதான். பின்னிரவு இரண்டு மணிவரை போராடிவிட்டு, பழைய படங்களையே ஒட்டி அனுப்பினோம். மதிப்பெண் குறையவில்லை. ஆனால், "நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன். எனக்கு இதெல்லாம் வராது" என்று சொன்ன தோழி, அடுத்த பருவத்தில் தரவுப் பகுப்பாய்வுப் பாடத்தையே எடுக்கவில்லை.

அவர் எதையும் கெடுக்கவில்லை. நடந்தது இதுதான்.

பைத்தானில் வரைபடம் வரையப் பெரும்பாலோர் பயன்படுத்துவது மேட்பிளாட்லிப். மூளையின் மின் சமிக்ஞைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் ஹண்டர் தம் ஆய்வுத் தேவைக்காக உருவாக்கிய தொகுப்பு அது. எண்களைக் கையாள அது நம்பை என்ற இன்னொரு தொகுப்பை நம்பியிருக்கிறது. இரண்டையும் உருவாக்குவோர் வெவ்வேறு குழுவினர். புதிய பதிப்புகளும் வெவ்வேறு நேரத்தில் வெளிவருகின்றன.

2006ல் வந்த நம்பை 1.0க்குப் பிறகு, 2024 ஜூன் மாதத்தில்தான் 2.0 வெளியானது. அதில் உள்கட்டமைப்பே மாறியது. பழைய நம்பைக்கு ஏற்பத் தொகுக்கப்பட்ட மென்பொருள்கள் புதியதோடு இயங்காது என்பதை அதன் குழுவினர் முன்கூட்டியே அறிவித்திருந்தனர். ஆனால், முதலாமாண்டு மாணவருக்கு அது எப்படித் தெரியும்? தோழி நிறுவிய தொகுப்பு புதிய நம்பையைக் கேட்டது. கணினியும் சத்தமில்லாமல் அதை ஏற்றிவிட்டது. ஏற்கெனவே இருந்த பழைய மேட்பிளாட்லிப் அதனால் முடங்கியது.

தேர்வு முடிந்தபின் அந்தப் பிழைச்செய்தியை நிதானமாகப் படித்தேன். வெட்கமாக இருந்தது. நம்பையைப் பழைய பதிப்புக்கு இறக்குங்கள், அல்லது பாதிக்கப்பட்ட தொகுப்பைப் புதுப்பியுங்கள் என்று தீர்வும் அதிலேயே இருந்தது. சிவப்பைப் பார்த்த பதற்றத்தில் எங்களில் ஒருவரும் அதை முழுமையாகப் படிக்கவில்லை.

அந்தத் தீர்வும் பாதித் தீர்வுதான். நம்பையை இறக்கினால், புதிய நம்பையைக் கேட்ட மற்ற தொகுப்பு நின்றுவிடும். சாம்பார் கரண்டியைப் பாயசத்தில் போடாதே என்று வீட்டில் சொல்வார்கள். கணினியிலும் அதே கதைதான். ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி மெய்நிகர்ச் சூழல் வேண்டும். ஒன்றில் பழைய நம்பையும் இன்னொன்றில் புதிய நம்பையும் ஒரே கணினியில் சண்டையின்றி இருக்கலாம். இதற்கான வென்வ் என்ற கருவி பைத்தானுடனேயே வருகிறது. காசு செலவில்லை, கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும்.

அந்த அரை மணி நேரத்தை ஏன் யாரும் ஒதுக்குவதில்லை என்பதே என் கேள்வி. எனக்குக் கிடைத்த முதல் செய்முறை வகுப்பு, வரைபடத்துக்கு வண்ணம் பூசுவதில் தொடங்கியது. சூழலை அமைப்பதை "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கும் மாணவர் சமாளித்துவிடுவார். அப்படி யாரும் இல்லாதவர், தமக்குத் திறமை இல்லை என்று முடிவுசெய்துவிடுவார்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அது தரும் கட்டளை ஒன்றைச் சரிசெய்து மற்றொன்றை முறிக்கக்கூடும். எது ஏன் முறிந்தது என்று புரியாவிட்டால் அடுத்த முறையும் அதே இரவுதான். இணையத்தில் இயங்கும் நோட்புக்கைப் பயன்படுத்தலாமே என்பார்கள். தொடக்கத்துக்கு அது நல்லதே. ஆனால், அங்கும் தொகுப்புகள் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகின்றன.

ஆகவே, விரிவுரையாளர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதல் வகுப்பிலேயே மெய்நிகர்ச் சூழலை அமைக்கக் கற்றுக்கொடுங்கள். அறிக்கையுடன் தொகுப்புகளின் பதிப்புப் பட்டியலையும் கேளுங்கள். பிப் ஃபிரீஸ் என்ற ஒரே கட்டளையில் அது கிடைத்துவிடும். மீண்டும் வரைந்துகாட்ட முடியாத வரைபடத்தை ஆதாரம் என்று எப்படிச் சொல்வது? நாங்கள் ஒட்டி அனுப்பிய படங்களை யாராவது சரிபார்க்கக் கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இருந்திருக்காது.

மாணவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான். பிழைச்செய்தியை முதலில் முழுமையாகப் படியுங்கள். அது உங்களைத் திட்டவில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறது.

பாடப் பதிவு விரைவில் மீண்டும் தொடங்குகிறது. அதற்குள் தோழியின் அதே மடிக்கணினியில், அதே வரைபடத்தை அவரையே வரையவைக்கப் போகிறேன்.