இடாப்பில் பெயர் இல்லாத பிள்ளை ஓடலாமா?



இம்மாதம் விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். "வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, இதில் விளையாட்டா?" என்று சிலர் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த தாய் ஒருவர் இருக்கிறார். 1977 கலவரத்தின் பின் அவருடைய பெற்றோர் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். 2009இல் செல் காயப்பட்ட கணவருடன் முகாமுக்கு வந்தார். சில வருடங்களில் கணவரும் இறந்துபோக, வயதான தாயையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உறவினரின் லயத்துக்கே திரும்பினார். மூத்த மகளுக்கு இப்போது 15 வயது. எட்டாம் தரத்தோடு நின்றுவிட்டாள். தாய் கொழுந்துக்குப் போனால் படுக்கையில் கிடக்கும் அம்மாயியைப் பார்க்க வேறு ஆள் இல்லை. மாலையில், உயர்தரம் முடித்த பக்கத்து லயத்து அக்காவிடம் படிக்கிறாள். சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

அந்தப் பிள்ளை ஓட்டத்தில் கெட்டிக்காரி. மேட்டிலும் பள்ளத்திலும் தண்ணீர்க் குடத்தோடு நடந்த கால்கள் அல்லவா! பாடசாலை விளையாட்டு ஆசிரியர் பார்த்துவிட்டு, வலயப் போட்டிக்குச் சேர்க்க விரும்பினார். அதிபர் மறுத்துவிட்டார். வரவு இடாப்பில் பெயர் இல்லாத பிள்ளையை எப்படி அனுப்புவது? அதிபரை நான் குறை கூற மாட்டேன். பாடசாலைப் போட்டிகள் வலயத்தில் தொடங்கி மாகாணத்துக்கும், பின் அகில இலங்கை மட்டத்துக்கும் போகின்றன. ஒவ்வொரு படியிலும் பிள்ளை பாடசாலையின் பெயரில்தான் போகிறது. நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் இதே நடைமுறைதான்.

அரசாங்கப் பிள்ளையும் தனியார் பிள்ளையும் சேர்ந்து விளையாடுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கொழும்பு றோயல் கல்லூரி அரசாங்கப் பாடசாலை. கல்கிசை சென் தோமஸ் தனியார் பாடசாலை. இரண்டும் 1879இல் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டத்தை இன்றும் ஆடுகின்றன. நம் பாட்டன்மார் கோப்பிக் காடுகளில் முறிந்துகொண்டிருந்த காலம் அது! ஆக, பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பாடசாலையின் பெயர் இருக்கிறது. எந்தப் பாடசாலையின் பெயரும் இல்லாத பிள்ளைக்குத்தான் வழி இல்லை.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே போட்டிருக்கிறார்கள். அங்கே வீட்டிலேயே படிப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. புளோரிடா மாநிலம் 1996இல், வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் அரச பள்ளி அணியில் ஆடலாம் என்று விதித்தது. அதன்படி ஆடிய டிம் டீபோ என்ற பையன், 2007இல் அந்நாட்டுக் கல்லூரிக் காற்பந்தின் மிகப் பெரிய விருதைப் பெற்றார். எல்லா மாநிலங்களும் இதை ஏற்கவில்லை. தினமும் வந்து பயிற்சி எடுத்த பிள்ளையின் இடத்தை வெளியார் பறிக்கலாமா, காயப்பட்டால் யார் பொறுப்பு, வயதுக்கு யார் சாட்சி என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். முக்கியமாக வயது விஷயத்தில், வெற்றிக்காக ஆள் மாற்றி ஓடவிடுகிறவர்கள் எங்கும் உண்டு.

ஆனால் நம் பிள்ளை விரும்பியா வீட்டில் படிக்கிறாள்? இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 1998 முதல் 14 வரை இருந்தது. 2016இல் அது 16 ஆக உயர்த்தப்பட்டது. 15 வயதுப் பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவளைத் திரும்ப அழைப்பதுதான் முதல் வேலை. அது நடக்கும் வரை பயிற்சிக்காவது மைதானத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. படிப்பை விட்ட எத்தனையோ பிள்ளைகளை மீண்டும் வாசலுக்கு இழுத்து வருவது பந்தும் ஓட்டமும்தான். விளையாட்டில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதியும் உண்டு என்பதைத் தாய்மார் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

அந்தத் தாயிடம் நான் இதைச் சொன்னபோது, "சரிங்க அக்கா, அம்மாயிய யாரு பார்க்கிறது?" என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பின்னர் லயத்துப் பெண்கள் நால்வர் கூடிப் பேசினார்கள். வேலைக்குப் போகாத இரு முதியவர்கள் பகலில் மாறி மாறிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு நடக்குமோ, பார்க்கலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பிறப்புப் பதிவு தொலைந்துவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள். பதிவின் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பதிவே செய்யப்படாதிருந்தால், பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள். பாடசாலை வயதைத் தாண்டிய பிள்ளையென்றால், அதே செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். இளைஞர் சேவை உத்தியோகத்தரும் இருப்பார். இளைஞர் கழகத்தில் சேர்ந்தால் பிரதேச மட்டத்தில் தொடங்கும் இளைஞர் விளையாட்டு விழாவில் ஓடலாம். அங்கே பாடசாலை இடாப்பைக் கேட்க மாட்டார்கள்.