சின்ன மில்லுக்குச் சின்ன போரிங் ஹெட்

608 என்ற எண் பொறித்த பேரிங்கைப் பார்க்காத பட்டறைக்காரர் அரிது. ஸ்கேட்டிங் சக்கரத்துக்குள் சுழல்வதும் அதுதான். வெளிவிட்டம் 22 மி.மீ. அது உட்காரும் துளையை எச்7 அளவில் போட வேண்டுமென்றால் 22.000-க்குக் குறையக் கூடாது, 22.021-ஐத் தாண்டவும் கூடாது. இந்த மயிரிழைக்குள் துளையை நிறுத்துவதுதான், வீட்டில் சின்ன மில்லிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய சோதனை.

ட்ரில் பிட்டால் அது ஆகாது. உலோகத்துக்குள் இறங்க இறங்க விலகும். தன் அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே வெட்டும். ரீமர் அளவைச் சரியாகக் கொடுக்கும், ஆனால் ட்ரில் போன கோணல் வழியிலேயே போகும். கோணலை நிமிர்த்தி, துளையை இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருவது ஒற்றை முனை டூல். அந்த டூலை மையத்திலிருந்து வேண்டிய தூரம் தள்ளிப் பிடித்துச் சுழற்றுவதே போரிங் ஹெட்டின் வேலை.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, எவ்வளவு பெரிய துளை போடலாம் என்பதைத்தான். அதைவிட முக்கியம், ஹெட்டும் டூலைத் தாங்கும் பாரும் எவ்வளவு குட்டை என்பது.

காரணம் பழையது. ஜேம்ஸ் வாட் 1769-இல் நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகும் அது பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடவில்லை. சிலிண்டரின் உட்புறம் சரியான வட்டமாக இல்லாததால் பிஸ்டனைச் சுற்றி நீராவி கசிந்தது. 1774-இல் பீரங்கி துளைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்த ஜான் வில்கின்சன், வேல்ஸில் உள்ள பெர்ஷாமில் சிலிண்டருக்கென்றே ஒரு போரிங் இயந்திரம் அமைத்தார். டூலைச் சுமந்த தண்டைச் சிலிண்டருக்குள் முழுக்க நுழைத்து, இரண்டு முனையிலும் தாங்கு கொடுத்தார். தண்டு வளையவில்லை, துளை வட்டமாக வந்தது. 1776-இல் வாட்டின் இயந்திரங்கள் வேலைக்கு இறங்கின.

மில்லில் அந்த இரண்டாவது தாங்கு கிடையாது. பார் ஒரு முனையில் மட்டும் பிடிபட்டுத் தொங்குகிறது. அதன் நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். தடிமன் பாதியானால் பதினாறு மடங்காகும். 12 மி.மீ. எஃகுப் பாரை 48 மி.மீ. வரை, அதாவது தடிமனைப்போல் நான்கு மடங்கு, நம்பி நீட்டலாம். அதற்கு மேல் அதிர்வு தொடங்கும். துளைச் சுவரில் வரி வரியாகத் தடம் விழும்.

ஆகவே மேசைமேல் வைக்கும் மில்லுக்கு 50 மி.மீ. ஹெட் போதும். 75 மி.மீ. ஹெட் ஸ்பிண்டிலுக்கும் மேசைக்கும் நடுவே உள்ள கொஞ்ச உயரத்தையும் தின்றுவிடும். பாரைச் சுமந்து நகரும் ஸ்லைடு ஒரு பக்கம் ஒதுங்க ஒதுங்க எடை சமன் கெட்டு, இலேசான மெஷின் முழுவதுமே ஆடும். ஷாங்க் எம்டி3-யா ஆர்8-ஆ என்பதை மெஷினின் ஸ்பிண்டிலே தீர்மானித்துவிடும். ஹெட்டும் ஷாங்கும் ஒரே துண்டாகக் கிடைத்தால் அதையே எடுப்பது நல்லது. மரையில் திருகி மாட்டும் ஷாங்க், எதிர்த்திசையில் ஓட்டினால் கழன்றுவிடக்கூடும்.

டயலை நம்புவதற்கு முன் சோதித்தே ஆக வேண்டும். சில ஹெட்களில் அது விட்டத்தைக் காட்டும், சிலவற்றில் ஆரத்தை. டூல் பக்கத்தில் டயல் இண்டிகேட்டரை வைத்து 0.10 திருப்பினால் போதும்: முள் 0.05 நகர்ந்தால் விட்டக் கணக்கு, 0.10 நகர்ந்தால் ஆரக் கணக்கு. இது தெரியாமல் வெட்டினால் முதல் வேலையிலேயே துளை பெரிதாகிப்போகும்.

பெரும்பாலான 50 மி.மீ. ஹெட்களில் பக்கவாட்டில் மூன்று ஸ்க்ரூ இருக்கும். ஓரத்து இரண்டும் கிப்புக்கானவை. ஸ்லைடு சற்றே பிடித்தபடி நகரும் அளவுக்கு ஒருமுறை வைத்துவிட்டு, பிறகு தொடாமல் விட வேண்டும். நடுவில் உள்ளது லாக். ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் இறுக்க வேண்டியது அதை மட்டுமே. டயலை எப்போதும் ஒரே திசையில் திருப்பி அளவுக்கு வர வேண்டும். தாண்டிவிட்டால் ஒரு முழுச் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னேறினால்தான் பேக்லாஷ் ஏமாற்றாது.

வேகத்திலும் அவசரம் உதவாது. 6202 பேரிங்குக்கான 35 மி.மீ. துளையை மைல்ட் ஸ்டீலில், ஹைஸ்பீடு ஸ்டீல் டூலால் நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் வெட்டினால், ஸ்பிண்டில் சுமார் 180 சுற்றுதான் சுற்ற வேண்டும்.

அளவைப் பிடிக்கும் நுட்பம் கடைசி இரண்டு வெட்டுகளில் இருக்கிறது. 608-க்கான துளை 21.60-க்கு வந்தபின் மீதி 0.40-ஐ ஒரேயடியாக எடுக்கக் கூடாது. விட்டத்தில் 0.20 வைத்து வெட்டி அளந்தால், பார் வளைந்ததால் உண்மையில் 0.18 மட்டுமே போயிருப்பது தெரியலாம். கடைசி வெட்டையும் ஏறக்குறைய அதே ஆழத்தில் எடுத்தால் வளைவும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும், விட்டுப்போன 0.02-ஐ மட்டும் கூட்டி வைத்தால் அளவு கைக்குள் வரும். கடைசியில் டயலைத் தொடாமல் இன்னொரு முறை ஓட்டலாம். அப்போதும் பார் கொஞ்சம் உலோகத்தைச் சுரண்டி எடுக்கும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் வெர்னியரால் அளக்க முடியாது. டெலஸ்கோப்பிக் கேஜும் மைக்ரோமீட்டருமாவது வேண்டும். போர் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்பது கார்பைடு பார் கொண்ட மலிவுப் பெட்டியில் போடும் பணத்தை அளவுக் கருவியிலும், கூராகத் தீட்டிய ஒன்றிரண்டு நல்ல பார்களிலும் போடுவதே சரி. அந்தப் பெட்டிப் பார்களில் பலவற்றை, பின்பக்கம் துளைச் சுவரில் உரசாதபடி தீட்டிய பிறகே பயன்படுத்த முடிகிறது.

விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அதிகபட்சத் துளை அளவைப் பெரிய எழுத்தில் போடுபவர்கள், ஹெட்டின் உயரத்தையும், டயல் காட்டுவது விட்டமா ஆரமா என்பதையும் அதே எழுத்தில் பெட்டிமேல் அச்சிட வேண்டும்.