கங்கைக்கரையில் இராமேசுவரத்து இளைஞர்

பட்டம் பெற்ற பேரனுக்கு வேலையில்லையே என வருந்தும் அபிராமத்துப் பெரியோர், அதே சீமையின் அப்துல் கலாமை நினைத்துக்கொள்ளலாம். தமக்கை சோகரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தே கலாமைச் சென்னை எம்.ஐ.டி.யில் சேர்த்தார். அங்கோ, மூன்று நாளில் விமான வரைவை முடிக்காவிடில் உதவித்தொகை நிற்கும் என்றார் பேராசிரியர் சீனிவாசன். இரவெல்லாம் விழித்து முடித்தார்.

1958இல் டேராடூனில் விமானப்படைத் தேர்வு. 25 பேரில் ஒன்பதாமிடம், எடுத்துக்கொண்டதோ எண்மரை. ஓரிடம்தான் குறைவு!

மனமுடைந்து ரிஷிகேசம் சென்று, கங்கையில் நீராடி, சுவாமி சிவானந்தரைத் தரிசித்தார். சுவாமிகளும் நம் பத்தமடையில் அவதரித்தவரே. வந்தவர் இசுலாமியர் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. துயரின் காரணத்தைத் தாமே வினவித் தேற்றினார்.

தில்லி திரும்பிய கலாமுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் பணி ஆணை காத்திருந்தது. மாத அடிப்படை ஊதியம் 250 ரூபாய்.