காவலூருக்கு கார்ல கிளம்புறீங்களா... பின்சீட்டில் ‘க்ளிக்’ சத்தம் கேட்டுச்சா?

சனிக்கிழமை மதியம். ‘காவலூர் போய் நட்சத்திரம் பார்க்கலாமா?’னு ஃபேமிலி குரூப்பில் ஒரு மெசேஜ். அடுத்த அரை மணி நேரத்தில் வண்டி ரெடி. முன்னாடி அப்பாவும் நீங்களும். பின்னாடி அம்மா, அக்கா, அக்கா மடியில் ரெண்டு வயசுக் குட்டி. நடுவில் ஆறாவது படிக்கிற பையன், ரெண்டு முன்சீட்டையும் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டே வர்றான். சன்ரூஃப் இருக்கிற வண்டின்னா, அவன் தலை எங்கே இருக்கும்னு சொல்லவே வேணாம்!

முன்னாடி ரெண்டு பேரும் பெல்ட் போட்டாச்சு. போடலைன்னா வண்டி ‘கீய்ங் கீய்ங்’னு கத்தும், டோல்கேட் பக்கம் போலீஸ் நிற்பாங்க. பின்னாடி? “பின்சீட்டுக்கு எதுக்குப்பா பெல்ட்டு? நாங்க என்ன வண்டியா ஓட்டுறோம்?”

நம்மில் பலர் வீட்டுக் காரில் கேட்கிற டயலாக்தான் இது. இதற்கான பதில் நான்கு வருடங்களுக்கு முன்பே, நாடே பார்க்க, ஒரு பாலத்தின் மேல் கிடைத்துவிட்டது.

ஒரே கார்... நான்கு பேர்!

2022 செப்டம்பர் 4. அகமதாபாத்திலிருந்து மும்பை போகும் நெடுஞ்சாலை. மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா நதிப் பாலத்தில் ஒரு பென்ஸ் கார் தடுப்பில் மோதியது. உள்ளே நான்கு பேர். முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர், டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி. பின்சீட்டில் இருந்த இருவருமே சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்றது போலீஸ்.

வேகம், சாலை வடிவமைப்பு என்று அந்த விபத்துக்குப் பல காரணங்கள் பேசப்பட்டன. ஆனால் ஒரு விஷயம் எல்லோருக்கும் உறைத்தது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வண்டி, ஏர்பேக், உறுதியான பாடி எல்லாம் இருந்தும், பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பட்டையை இழுத்து மாட்டாவிட்டால் அத்தனையும் பாதி வேலைதான் செய்யும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,384 பேர் ஓட்டுநர்கள். மீதி 8,331 பேர் பயணிகள். கிட்டத்தட்ட சரிபாதி. ‘நாங்க என்ன வண்டியா ஓட்டுறோம்?’ என்ற கேள்விக்கு இந்த எண்ணே பதில்.

சட்டம் எப்பவோ வந்தாச்சு பாஸ்!

பின்சீட் பெல்ட் என்பது புது ரூல் கிடையாது. முன்னோக்கி இருக்கும் பின்சீட்டில் உட்காருபவரும் பெல்ட் போட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138(3) சொல்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச்சென்றால் 1,000 ரூபாய் அபராதம். கட்ட வேண்டியது வண்டியை ஓட்டுபவர்.

நம்ம ஆட்கள் சும்மா இருப்பாங்களா? கத்துற அலாரத்தை வாயடைக்க, பெல்ட் மாட்டுற இடத்தில் செருகுற ஒரு சின்ன க்ளிப் ஆன்லைனில் சக்கைப்போடு போட்டது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டு, அதை நீக்கச் சொன்னது. உயிரைக் காப்பாற்றச் சொல்லிக் கத்துகிற அலாரத்தைக் காசு கொடுத்து அடக்கியிருக்கிறோம்!

மடியில் பிடிச்சா பிடிபடுமா?

“என் குழந்தையை நான் கெட்டியா பிடிச்சுக்குவேன்” என்று அக்கா சொல்வதில் பாசம் நூறு சதவிகிதம் இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது.

வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறது. எதிலோ மோதி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது. வண்டிதான் நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் அதே 50-ல் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த நொடியில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறக்குறைய 140 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டை ஐந்தரை! எந்தத் தாயின் கையாலும் முடியாது. அம்மாவும் பெல்ட் போடவில்லை என்றால், முன்சீட்டுக்கும் அம்மாவின் உடம்புக்கும் நடுவில் நசுங்குவது குழந்தைதான்.

‘50 எல்லாம் ஒரு வேகமா?’ என்கிறீர்களா? அந்த வேகத்தில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். மொட்டைமாடியில் குழந்தையைக் கைப்பிடிச் சுவர் பக்கம்கூட விட மாட்டோம். காரில் மட்டும் விட்டுவிடுகிறோம்.

இளம் குழந்தைகளுக்கான கார் இருக்கையை முறையாகப் பயன்படுத்தினால், கைக்குழந்தைகள் இறப்பதை 71 சதவிகிதம் வரை குறைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மலைக்கு மேலே இன்னொரு கதை

வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் தாண்டினால் ரோடு வளைந்து வளைந்து ஜவ்வாது மலை ஏறும். அப்போது எதிரே வரும் வண்டிகளையும் கொஞ்சம் கவனியுங்கள். லோடு வண்டிகளின் பின்னால் நின்றபடி மனிதர்கள் வருவது மலை ரோடுகளில் புதிதல்ல. 2022 ஏப்ரல் 2-ம் தேதி, இதே ஜவ்வாது மலையின் புதூர்நாடு பக்கம், சேம்பரை மலைக் கோயிலுக்குக் கிராம மக்களை ஏற்றிச்சென்ற மினி வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. பெண்கள், சிறுமிகள் என்று ஒரே ஊரைச் சேர்ந்த பலர் இறந்துபோனார்கள்.

அவர்களுக்குப் பெல்ட் போடுவதா, வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. சரக்கு ஏற்றுகிற இடத்தில் சீட் ஏது, பெல்ட் ஏது? பஸ் சரியாக வராத ஊரில் அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மலைக்கிராமங்களுக்குப் போதுமான பேருந்து விடுவதும்கூட சாலைப் பாதுகாப்புதான். அதை அரசிடம்தான் கேட்க வேண்டும். ஆனால், நம் காரில் ஆளுக்கொரு பெல்ட் இருக்கிறது. அதை சீட் கவருக்கு அடியில் புதைத்துவைத்திருக்கிறோம்.

கிளம்புறதுக்கு முன்னாடி 5 நிமிஷம்!

* பின்சீட் கவருக்குள் ஒளிந்திருக்கும் பக்கிள்களை வெளியே எடுங்கள். மூன்றும் மாட்டுதா என்று இழுத்துப் பாருங்கள்.

* பெல்ட்டின் மேல்பட்டை தோள்பட்டையின் நடுவில் வர வேண்டும். கழுத்தை அறுக்கக் கூடாது, அக்குளுக்குக் கீழேயும் போகக் கூடாது. கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. கர்ப்பிணிகளுக்கும் பெல்ட் அவசியம். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே இருக்கட்டும்.

* ஒரே பெல்ட்டுக்குள் அம்மாவும் குழந்தையும் வேண்டவே வேண்டாம். மோதும்போது அம்மாவின் எடை முழுக்கக் குழந்தையை அழுத்தும்.

* கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கை. 15 மாதம் வரை கட்டாயம் அப்படியே வையுங்கள், அதற்கு மேலும் இருக்கையின் அளவு அனுமதிக்கும்வரை தொடரலாம். ஏர்பேக் இருக்கிற முன்சீட்டில் இதை வைக்கவே கூடாது.

* அடுத்து முன்னோக்கிய இருக்கை. அதுவும் பத்தாமல் வளர்ந்ததும் பூஸ்டர். பெரியவர்களின் பெல்ட் சரியாகப் பொருந்தும் உயரம் வரும்வரை, அதாவது சுமார் 135 முதல் 150 செ.மீ. வரை பூஸ்டர் தேவை. அந்த ஆறாம் வகுப்புப் பையனை ஒருமுறை அளந்து பாருங்கள்.

* விபத்தில் சிக்கிய பழைய சைல்டு சீட்டை, சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

‘சைல்டு சீட் விலை ஜாஸ்தியாச்சே’ என்று தோன்றலாம். உண்மைதான், சில ஆயிரங்கள் ஆகும். அலாய் வீலுக்கும் ஸ்பீக்கருக்கும் போகிற பட்ஜெட்டில் முதல் இடத்தை இதற்குக் கொடுங்கள்.

திரும்பி வரும்போதுதான் டேஞ்சர்!

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் நிற்கிறது. பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். வானம் பார்த்து முடிக்க எப்படியும் இருட்டிவிடும். நல்ல இருட்டு இருப்பதால்தானே ஆய்வகத்தையே அங்கே கட்டினார்கள்!

கீழே இறங்கும்போது குட்டி தூங்கி வழியும். ‘பாவம், சீட்டில் கழுத்து தொங்குது’ என்று அக்கா அவிழ்த்து மடியில் போட்டுக்கொள்வார். பையனும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அம்மா தோளில் சாய்வான். இருட்டு, வளைவு, இறக்கம், நாள் முழுக்க ஓட்டிய அப்பாவின் களைப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்வது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அந்த நேரத்தில் நீங்கள்தான் கொஞ்சம் வில்லனாக வேண்டும். “அக்கா, அவனை சீட்லயே விடு. அம்மா, நீங்களும் போடுங்க. எல்லாரும் போட்டாதான் அப்பா வண்டிய எடுப்பார்” என்று சொல்லிவிடுங்கள். ரெண்டு நிமிஷம் திட்டு விழும், விழட்டும். பின்சீட்டில் ஆளுக்கொரு ‘க்ளிக்’ கேட்ட பிறகு கிளம்புங்கள்.