டின் மாங்கூழும் ஒரு பாக்கெட் கேக் மிக்ஸும்

வீட்டில் கேக் செய்ய ஆசைப்படும் பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். மைதா எத்தனை கிராம், பேக்கிங் பவுடர் எவ்வளவு, ஆப்ப சோடா எவ்வளவு என்ற குழப்பம் ஒரு பக்கம். கேக் மிக்ஸ் பாக்கெட்டை வாங்கி வேலையைச் சுருக்கிக்கொண்டால் அது வீட்டுக் கேக் ஆகுமா என்ற தயக்கம் இன்னொரு பக்கம். தாராளமாக ஆகும். இட்லி மாவைக் கடையில் வாங்கி ஊற்றும் வீடுகளில் யாரும் அதைக் கடை இட்லி என்று சொல்வதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளும் நமக்காக ஏதோ ஒரு வேலையை முடித்துக்கொண்டு வருகிறது. அது எந்த வேலை என்று தெரிந்தால்தான் மீதி வேலையை நாம் சரியாகச் செய்ய முடியும். மாம்பழக் கேக்கை வைத்து இதைப் பார்ப்போம்.

முதலில் கேக் மிக்ஸ். பாக்கெட்டின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். பொருள்களின் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். அதிகம் இருப்பது முதலில் வரும். பெரும்பாலும் முதல் இரண்டு இடங்கள் சர்க்கரைக்கும் மைதாவுக்கும்தான். சில பாக்கெட்டுகளில் சர்க்கரையே முந்திக்கொண்டு நிற்கும். அடுத்துக் கொஞ்சம் மாவுச்சத்து, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் பொருள், உப்பு. அதன் பிறகு சில எண்கள். 500(ii) என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது நம் அடுப்படியில் இருக்கும் ஆப்ப சோடாதான். 450(i), 541 போன்றவை அந்தச் சோடாவோடு சேர்ந்து மாவைப் பொங்கவைக்கும் அமில உப்புகள். ஆக, கேக் மிக்ஸில் மாயம் எதுவும் இல்லை. அளந்து, சலித்து, சோடாவுக்கு ஏற்ற அமிலத்தைச் சரியான விகிதத்தில் சேர்த்துக் கலந்து வைத்திருக்கிறார்கள். நாம் காசு கொடுப்பது அந்த அளவுக்காக. முதல்முறை கேக் செய்பவருக்கு அது நியாயமான விலை என்பது என் கருத்து.

இந்தப் பொருள் பிறந்த கதையிலும் ஒரு தெளிவு தேவைப்படுகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பி. டஃப் அண்ட் சன்ஸ் என்ற வெல்லப்பாகு நிறுவனம் இருந்தது. தேங்கிக் கிடந்த பாகை எப்படி விற்பது என்று யோசித்து, அதை மாவோடு சேர்த்து உலர்த்தி, தண்ணீர் ஊற்றினால் போதும் என்கிற இஞ்சிக் கேக் மாவை உருவாக்கினார்கள். ஜான் டஃப் அதற்கு 1933இல் காப்புரிமை பெற்றார். பிறகு 1950களில், எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளரின் யோசனைப்படி முட்டைத் தூளை எடுத்துவிட்டு, இல்லத்தரசிகளே முட்டை உடைத்து ஊற்றும்படி செய்ததால்தான் கேக் மிக்ஸ் விற்றது என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. ஆனால் 1935இல் டஃப் பெற்ற அடுத்த காப்புரிமையிலேயே, பெண்கள் புது முட்டை சேர்ப்பதைத்தான் விரும்புகிறார்கள் என்ற விளக்கம் இருக்கிறது. காய்ந்த முட்டையைவிடப் புது முட்டை போட்ட கேக் நன்றாக இருக்கும் என்பது எல்லோரும் அறிந்ததுதானே. நம் ஊர்க் கடைகளில் பச்சைப் புள்ளியோடு வரும் முட்டையில்லாத மிக்ஸுகளின் கணக்கு வேறு. முட்டை செய்யும் வேலையை அவற்றில் வேறு பொருள்கள் செய்கின்றன. அதில் 'இருக்கட்டுமே' என்று ஒரு முட்டையை உடைத்து ஊற்ற வேண்டியதில்லை.

இனிப் பழம். நாட்டில் அதிகக் குழப்பம் இங்கேதான். மாம்பழச் சுவை என்ற பெயரில் மூன்று வகைப் பொருள்கள் கடையில் கிடைக்கின்றன. எசன்ஸ் ஒன்று, அதில் இருப்பது வாசனை மட்டும். பாட்டிலிலும் அட்டைப்பெட்டியிலும் வரும் மாம்பழ பானம் இன்னொன்று. இந்திய உணவுத் தர விதிப்படி இந்த வகைப் பழ பானத்தில் பழம் பத்து சதவீதம் இருந்தாலே போதும். மற்றது பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றிக் கேக் செய்தால் மஞ்சள் நிறமும் கூடுதல் தித்திப்பும் வரும், மாம்பழம் வராது. மூன்றாவது, டின்னில் வரும் மாங்கூழ். இதுதான் பழம்.

மாங்கூழைக் குறைவாக நினைப்பவர்கள் ஒருமுறை கிருஷ்ணகிரியை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் மாங்கூழ்த் தொழிலின் மையம் அந்த மாவட்டம்தான். கோடை தொடங்கிப் பருவம் முடியும்வரை லாரி லாரியாக மாங்காய் ஆலைகளுக்குப் போகும். அங்கே பழுக்கவைத்து, கழுவி, தோலும் கொட்டையும் நீக்கிக் கூழாக்கி, சூடாக்கிக் கிருமி நீக்கி, டின்னிலும் பைகளிலும் அடைக்கிறார்கள். அதிகம் போவது பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் நாம் சொல்லும் ரகம். டின்னில் தோத்தாபுரி என்று அச்சிட்டிருக்கும். அல்போன்சாவும் உண்டு. துபாயிலோ டொராண்டோவிலோ டிசம்பர் மாதத்தில் மாம்பழக் கேக் செய்யும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்த டின்தான் கைகொடுக்கும். நம் ஊரிலும் பருவம் தவறிய மாதங்களில், நாரும் புளிப்புமாக ஏதோ ஒரு பழத்தை வாங்கி அரைப்பதைவிட, பருவத்தில் பழுத்த பழத்தின் கூழ் எவ்வளவோ மேல்.

எந்த ரகத்தை வாங்குவது? பெரும்பாலோர் அல்போன்சாவுக்குத்தான் கை நீட்டுவார்கள். கேக் மாவில் கலப்பதற்கு நான் பெங்களூராவையே சொல்வேன். கேக் மிக்ஸில் ஏற்கெனவே சர்க்கரை அதிகம். பெங்களூராவின் லேசான புளிப்பு அந்தத் தித்திப்பை அடக்கும். விலையும் குறைவு. டின்னில் சர்க்கரை சேர்த்த கூழ், சேர்க்காத கூழ் என்று இரண்டும் வரும். சேர்க்காதது கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் கூழில் கலந்துகொண்டால் சமாளித்துவிடலாம்.

அடுத்து, கலக்கும் இடம். பாக்கெட்டில் சொல்லியிருக்கும் தண்ணீருக்குப் பதிலாக அதே அளவு கூழை ஊற்றுவதுதான் பலரும் செய்வது. கேக் நடுவில் களிபோல அமுங்கிப்போவதற்கு அதுவே காரணம். கூழில் பெரும்பகுதி தண்ணீர் என்றாலும், பழத்தின் சதையும் நாரும் சர்க்கரையும் அதோடு இருக்கின்றன. மாவு நனைவதற்கு வேண்டிய தண்ணீர் அதில் குறைவு. மாவுக்குப் பாரம் அதிகம். முக்கால் பங்கு கூழ், கால் பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் ஒரு கப் தண்ணீர் கேட்டால் முக்கால் கப் கூழும் கால் கப் தண்ணீரும். எண்ணெய் அளவை மாற்ற வேண்டாம்.

இன்னொன்று சோடா. மிக்ஸில் சோடாவும் அமிலமும் ஒன்றுக்கொன்று ஈடாக அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. மாங்கூழ் தன் பங்குக்குப் புளிப்பைக் கொண்டுவரும்போது அந்த ஈடு குலைகிறது. அரைக் கிலோவை ஒட்டிய பாக்கெட்டானால் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, சிறிய பாக்கெட்டானால் இரண்டு சிட்டிகை சேர்த்தால் அது நேராகிவிடும். அதற்கு மேல் போகக் கூடாது. சோடா கூடினால் கேக் மேலே கருஞ்சிவப்பாகி, வாயில் சோப்பு வாடை அடிக்கும்.

மாவைக் கலக்கும்போது நேரம் பார்ப்பதைவிடக் கரண்டியைப் பார்ப்பது நல்லது. கரண்டியால் எடுத்துச் சாய்த்தால் மாவு தண்ணீராக ஓடக் கூடாது, கட்டியாகத் தொப்பென்று விழவும் கூடாது. பட்டைபோல வழிந்து, பாத்திரத்தில் விழுந்த தடம் ஓரிரு நொடி மேலேயே நின்று, பிறகு மெல்ல அமிழ வேண்டும். அந்தப் பதம் வந்ததும் கலக்குவதை நிறுத்திவிடுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தாலும் பரவாயில்லை. பரோட்டாவுக்கு மைதாவை அடித்துப் பிசைவது இழுவை வருவதற்காக. கேக்குக்கு அந்த இழுவை ஆகாது. சோடா கூழைத் தொட்ட நிமிடமே காற்றுக் குமிழிகள் வரத் தொடங்கிவிடும் என்பதால், கலந்த மாவைக் காத்திருக்கவைக்கவும் கூடாது. அதனால்தான் ஓவனை முதலிலேயே 180 டிகிரிக்குச் சூடாக்கி, டின்னில் எண்ணெய் தடவி, பட்டர் பேப்பர் போட்டுத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்வது.

ஓவன் இல்லாத வீடுகளில் குக்கரில் செய்யலாம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் உப்போ மணலோ பரப்பி, அதன் மேல் ஸ்டாண்ட் வைத்துப் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு, கேக் டின்னை இறக்கி, சிறு தீயில் வையுங்கள். நல்ல குக்கர் வீணாகிவிடுமோ என்று தோன்றினால் கனமான இரும்புச் சட்டியும் பொருந்திய மூடியும் போதும். எட்டு அங்குல டின்னுக்கு ஓவனில் முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம், குக்கரில் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக ஆகலாம். கூழ் சேர்த்த கேக் சாதாரணக் கேக்கைவிட ஈரமாக இருக்கும். ஆகவே குச்சியை நடுவில் குத்திப் பார்க்கும்போது ஒன்றிரண்டு ஈரத் துணுக்குகள் ஒட்டினால் எடுத்துவிடலாம். மாவாகவே ஒட்டினால் இன்னும் வேக வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் சிலர் சொல்லும் குறை ஒன்று உண்டு: மாம்பழ நிறம் இருக்கிறது, வாசனைதான் இல்லை. மாம்பழத்தின் மஞ்சள் சூட்டுக்கு அசையாது. வாசனை அப்படியல்ல; அது எளிதில் ஆவியாகிறது. வேகும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அந்த மணம் கேக்கை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். இதற்கு எசன்ஸ் ஊற்றுவது சுலபமான வழி. அதைவிட நல்ல வழி, கூழில் கொஞ்சத்தை அடுப்புக்குக் காட்டாமல் வைத்துக்கொள்வது. கேக் வெதுவெதுப்பாக ஆறியதும் குச்சியால் மேலெல்லாம் குத்தி, நான்கைந்து ஸ்பூன் கூழைப் பரவலாக ஊற்றித் தடவுங்கள். டின் கூழ் ஆலையிலேயே சூடாக்கப்பட்டது என்பதால் மறுபடி காய்ச்ச வேண்டியதில்லை. அல்போன்சா இருந்தால் அதைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து வெட்டினால், ஒவ்வொரு துண்டிலும் மஞ்சள் கோடுகள் உள்ளே இறங்கியிருக்கும், மணமும் இருக்கும். அமெரிக்க வீடுகளில் பழ ஜெல்லியைக் கரைத்து இதேபோல் ஊற்றுவார்கள். அந்த ஜெல்லியில் ஜெலட்டின் இருப்பதால் சைவக்காரர்களுக்கு ஆகாது. நமக்குக் கூழே போதும்.

எப்போதும் புதுப் பழம்தான் மேல், டின் பழம் கீழ் என்று நினைப்பவர்களுக்கு அன்னாசியைச் சொல்ல வேண்டும். பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைச் சிதைப்பது அதன் வேலை. அதனால் புது அன்னாசித் துண்டுகளைப் போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது. பால் கிரீமோடு கலந்து வைத்தால் சற்று நேரத்தில் கசக்கத் தொடங்கும். டின் அன்னாசி சூடாக்கி அடைக்கப்பட்டது, நொதி அதில் செயலற்றுப் போயிருக்கும். கிரீம் வைத்த அன்னாசிக் கேக்குக்கு டின் அன்னாசியே சரி. புதுப் பழம்தான் வேண்டுமென்றால் சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த பிறகு சேர்க்க வேண்டும். கறுப்புத் திராட்சைக்கும் நாவல் பழத்துக்கும் வேறு எச்சரிக்கை: அவற்றின் ஊதா நிறம் சோடா பட்டால் சாம்பலாகவும் பச்சையாகவும் மாறும். கெட்டுப்போய்விட்டது என்று கேக்கைக் கொட்டிவிடாதீர்கள்.

பாதி டின் கூழ் மீந்தால் டின்னிலேயே மூடி வைக்கக் கூடாது. கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்க்கலாம், அல்லது ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம். கடையில் உப்பிய டின்னை யாராவது விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கூழ் ஊற்றிய கேக்கைக் கோடையில் வெளியே விட்டுவைத்தால் மறுநாளே வீணாகலாம், ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இவ்வளவு விவரத்துக்கும் அடிப்படை பாக்கெட்டின் பின்பக்கம்தான். பெயரிலோ படத்திலோ ஒரு பொருளை முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மாம்பழக் கேக் மிக்ஸ் என்று வாங்கிய பாக்கெட்டில் மாம்பழத்தின் சதவீதம் இல்லாமல், செயற்கை வாசனையும் 102, 110 என்ற நிறமி எண்களும் மட்டும் இருந்தால், நீங்கள் வாங்கியது மஞ்சள் நிற வெனிலா கேக். அதற்கு வெறும் வெனிலா மிக்ஸும் ஒரு டின் கூழும் எவ்வளவோ மேல். ஆனால் இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது அதே விதி. பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டதை வாசித்து, எண்களுக்கு அர்த்தம் தேடி, அதன் பிறகு சமைக்கச் சொல்வது நியாயமல்ல. கிருஷ்ணகிரி மாம்பழத்தைத் தமிழ்நாட்டிலேயே டின்னில் அடைத்துத் தமிழ்நாட்டுக் கடையில் விற்கும் நிறுவனங்களாவது, ரகம் என்ன, பழம் எத்தனை சதவீதம், சர்க்கரை சேர்த்ததா இல்லையா என்ற மூன்றையும் தமிழில், படிக்கும்படியான எழுத்தில் அச்சிட வேண்டும். வாங்குகிற நாமும் கடைக்காரரிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.