லிஸ்ட் நகர்ந்தால் விரல் என்ன செய்யும்?

மொபைல் போனில் ஒரு லிஸ்ட் திறக்கிறது. உங்களுக்குத் தேவையானது மூன்றாவது வரியில் உள்ளது. அதைத் தொடப் போகிறீர்கள். அந்த நேரம் பார்த்து மேலே புதிதாக ஒரு வரி வந்து சேர்கிறது. எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிடுகின்றன. நீங்கள் நினைத்தது ஒன்று, திறப்பது வேறொன்று. புதிதாகப் போன் அல்லது கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உடனே, "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று தங்களையே குறை சொல்லிக் கொள்கின்றனர். மொபைல் அப்ளிகேஷன் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். தவறு உங்கள் விரலில் இல்லை. அந்த அப்ளிகேஷனை வடிவமைத்த முறையில் உள்ளது.

இது ஏன் ஏற்படுகிறது? ஓர் அப்ளிகேஷன் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. ஒவ்வொரு வேலைத் தொடரையும் த்ரெட் என்று அழைக்கிறோம். திரையை வரைவதும், உங்கள் தொடுதலைக் கவனிப்பதும் மெயின் த்ரெட்டின் பொறுப்பு. இன்டர்நெட்டிலிருந்து தகவலை இறக்குவது போன்ற நேரம் பிடிக்கும் வேலைகளைப் பின்னணியில் வேறு த்ரெட்கள் கவனிக்கின்றன. அவற்றையும் மெயின் த்ரெட்டின் தலையில் கட்டினால் திரை உறைந்துவிடும். ஆண்ட்ராய்ட் போனில் உங்கள் தொடுதலுக்கு 5 விநாடிகள் வரை பதில் கிடைக்காவிட்டால், அப்ளிகேஷன் இயங்கவில்லை என்ற அறிவிப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான்.

குடவாசல் பக்கம் அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் இந்த நிலையங்களில் நெல்லைத் தூற்றுபவர், எடை போடுபவர், மூட்டை தூக்குபவர் எனப் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். ஆனால், 40 கிலோ மூட்டைகள் எத்தனை என்று கணக்கில் பதிவது பட்டியல் எழுத்தரின் வேலை. ஆளாளுக்குப் பேனாவை எடுத்தால் கணக்கு என்ன ஆகும்? திரையில் உள்ள லிஸ்ட்டும் அது போலத்தான். 10 வரிகள் இருப்பதாக எண்ணி மெயின் த்ரெட் வரையத் தொடங்குகிறது. அதற்குள் பின்னணி த்ரெட் ஒன்று 3 வரிகளை நீக்கிவிடுகிறது. ஒன்பதாவது வரியைத் தேடிப் போன மெயின் த்ரெட் அதைக் காணாமல் திணற, அப்ளிகேஷனே மூடிக்கொள்கிறது.

இந்தச் சிக்கலுக்கு எப்போதோ தீர்வு கண்டுவிட்டார்கள். பல த்ரெட்கள் சேர்ந்து ஒரே திரையைக் கையாளுவது தோற்றுப்போன கனவோ என்று, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தின் கிரஹாம் ஹாமில்டன் 2004ல் கேட்டு எழுதினார். ஆண்ட்ராய்ட், ஐபோன் இரண்டிலும் திரையில் உள்ளதை மெயின் த்ரெட்தான் மாற்ற வேண்டும் என்பது விதி. பழைய லிஸ்ட்டையும் புதிய லிஸ்ட்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் திரைக்குக் கொண்டு செல்லும் டிஃப்யூட்டில் என்ற வசதியை கூகுள் 2016ல் தந்தது. ஆப்பிள் 2019ல் ஐ.ஓ.எஸ். 13 உடன் இது போன்ற வசதியைத் தந்தது.

என் துறையினர் பலர் இத்துடன் நின்றுவிடுகின்றனர் என்பதுதான் என் குறை. அப்ளிகேஷன் மூடிக்கொண்டால் அதை எழுதிய நிறுவனத்திற்குத் தானாக ஓர் அறிக்கை போய்ச் சேரும்படி செய்ய முடியும். நீங்கள் தவறான வரியைத் தொட்டுவிட்டால் எந்த அறிக்கையும் போகாது. புரோகிராமைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடந்தது. நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான்.

இது சின்ன விஷயம் இல்லை. தமிழக அரசு 2018ல் வெளியிட்ட உழவன் செயலியை எடுத்துக் கொள்ளுங்கள். உர இருப்பு, விதை இருப்பு, சந்தை விலை எனப் பலவும் அதில் லிஸ்ட்டாகவே வருகின்றன. விவசாயத் தகவலே இன்று லிஸ்ட்டாகக் கைக்கு வருகிறது என்பதற்காக அதைச் சொல்கிறேன். அதைக் குறை கூறுவதற்காக அல்ல. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12ஐ ஒட்டி, குறுவைக்கு உரம் தேடும் ஒருவர் ஏதோ ஓர் அப்ளிகேஷனில் பக்கத்து வரியைத் தொட்டுவிட்டால், சரக்கே இல்லாத கடைக்கு வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். பணம் அனுப்பும் அப்ளிகேஷன் என்றால் கேட்கவே வேண்டாம்.

"தகவல் உடனுக்குடன் மாற வேண்டாமா?" என்று கேட்கலாம். மாறட்டும். விலையோ இருப்போ மாறினால், அந்த வரியிலேயே எண் மட்டும் மாறட்டும். வரி இடம் மாறக் கூடாது. புதிய வரிகள் வந்தால், "புதியவை உள்ளன" என்று மேலே ஒரு பட்டன் காட்டினால் போதும். வேண்டும்போது நாம் அழுத்திக் கொள்வோம். லிஸ்ட்டைக் கீழே இழுத்துப் புதுப்பிக்கும் முறையை லோரன் பிரிக்டர் தன் ட்வீட்டி அப்ளிகேஷனில் கொண்டு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. எப்போது மாற்றுவது என்பதை அது பயன்படுத்துபவரிடமே விடுகிறது. இணையப் பக்கங்கள் எதிர்பாராமல் நகர்வதை கூகுள் 2020ல் ஓர் அளவுகோலாகவே அறிவித்தது. மொபைல் அப்ளிகேஷன்களையும் நாம் அப்படி அளந்து பார்க்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக் கூடியவை சில. லிஸ்ட் திறந்தவுடன் தொடாமல் ஓரிரு விநாடிகள் பொறுத்திருங்கள். தகவல் எந்தத் தேதி, நேரத்திற்கு உரியது என்று பாருங்கள். பணம் அனுப்புமுன் அடுத்த திரையில் உள்ள பெயரை ஒரு முறை படியுங்கள். லிஸ்ட் அடிக்கடி குதித்தால், எந்தத் திரையில், எதைத் தொட்டபோது என்று பிளே ஸ்டோரின் விமர்சனப் பகுதியில் தமிழிலேயே எழுதுங்கள். தானாகப் போய்ச் சேராத அந்த அறிக்கையை நீங்கள்தான் அனுப்ப முடியும்.